அமானிதமா, அன்பளிப்பா?

சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலின் பக்கவாட்டுக் கதவருகே ஒரு தாயார் கையில் மருத்துவமனைக் கோப்புடன் நின்றிருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் மூத்த மகனுக்குத் தமது சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆபரேஷனுக்குப் புறப்பட்ட அன்று தாயையும் மகனையும் வீட்டு வாசலில் நிறுத்தி துஆச் செய்தவன் இந்த எளியவன்தான்.

"ஹஸ்ரத், மகன் ஒரு மஸ்அலா கேட்டு அனுப்பியிருக்கான். மூளைச் சவ்வுல பூஞ்சை புடிச்சிருக்காம். கிட்னிக்காகச் சாப்பிடுற மாத்திரையைக் குறைச்சாத்தான் உயிர் தப்பும்னு டாக்டர் சொல்றாங்க. குறைச்சா கிட்னி கெட்டுப் போனாலும் போகுமாம். இது உம்மா தந்த அமானிதம், இதைக் கெடுக்க நானே கையெழுத்துப் போட்டா நாளைக்கு மஹ்ஷர்ல என்ன பதில் சொல்றதுங்குறான். கையெழுத்துப் போட மாட்டேங்குறான். நீங்க சொன்னா கேப்பான்."

இதற்கு நான் என்ன விடை சொன்னேன் என்பதை எழுதுமுன், என் மீதுள்ள ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் அந்த வாலிபர் தலைவலி என்று என்னிடம் வந்திருந்தார். ஓதி ஊதினேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். கடைக் கணக்கை இரவில் அதிகம் பார்க்கிறீர்கள், கண்ணாடி மாற்றுங்கள் என்று யோசனையும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து மீண்டும் வந்தார், மீண்டும் ஓதினேன். ஓதிப் பார்ப்பது நபிவழியில் உள்ளதே. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிற ஒருவரிடம், "உங்கள் டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே! காய்ச்சல் இல்லை என்றதும் பெரிதாக ஒன்றும் இராது என்று நினைத்துக் கொண்டேன். அந்த மருந்துகளைச் சாப்பிடுவோருக்கு உள்ளே நோய் பற்றி எரிந்தாலும் வெளியே காய்ச்சல் காட்டாமலிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. மூளைச்சவ்வைப் பிடிக்கிற இந்தப் பூஞ்சை நோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: வாரக்கணக்கில் ஒரு தலைவலி, கொஞ்சம் வாந்தி, பேச்சில் ஒரு தடுமாற்றம். வீட்டார் முதலில் போய் நிற்பது நம் வாசலில்தான். ஆகவே ஆலிம் பெருமக்களும் இதை அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

நம் உடம்புக்கு அல்லாஹுதஆலா ஒரு காவல் படையை வைத்திருக்கிறான். அயலான் எவன் நுழைந்தாலும் அது தாக்கும். மாற்றி வைத்த உறுப்பு பெற்ற தாயினுடையதாகவே இருந்தாலும் அந்தக் காவலுக்கு அது அயல்தான். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே குழுவினர் முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றியபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஓருருவ இரட்டையர்கள். உடம்பு வேற்றுமை காணவில்லை. காவலை அடக்க மருந்து தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சை நடந்ததிலிருந்து இன்றுவரை, உறுப்பைப் பெற்ற ஏறத்தாழ எல்லோருமே அந்த உறுப்பு வேலை செய்கிற காலமெல்லாம் காவலை மயக்கி வைக்கும் மருந்தைச் சாப்பிட்டே வருகிறார்கள். விருந்தாளியை அடித்துவிடாதிருக்கக் காவலாளிக்குத் தூக்க மருந்து கொடுத்த மாதிரி. காவலாளி உறங்கும் வீட்டில் திருடன் புகுவது எளிதல்லவா?

அப்படிப் புகுபவற்றில் ஒன்றுதான் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை. 2021இல் கொரோனாவை ஒட்டி நாம் கேள்விப்பட்ட கறுப்புப் பூஞ்சை வேறு, இது வேறு. இது புறா எச்சம் கலந்த மண்ணிலும், மட்கிய மரப் பொந்துகளிலும் இருக்கிறது. காற்றோடு நுரையீரலுக்குள் போகிறது. நல்ல உடம்பில் ஒன்றும் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கியும் கிடக்கும். காவல் தளர்ந்தபோது எழுந்து, இரத்த வழியே மூளைச்சவ்வை அடைகிறது. முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளி இந்தியா மையைக் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கரிய மைக்கு நடுவே வெள்ளை வளையம் சூழ்ந்த உருண்டைகளாக அது தெரியும். மதரஸாவில் நாணல் பேனாவைத் தோய்த்து எழுதிய நாட்களை நினைத்துக் கொண்டேன். மையில் இப்படியும் ஒரு பாடம் இருக்கிறது.

மனாராவில் புறா அடையாத பள்ளிவாசல் நம் பகுதியில் குறைவு. புறாக்களை விரட்டச் சொல்லவில்லை. எல்லோரும் அஞ்சவும் வேண்டாம். உறுப்பு மாற்றிக் கொண்டவர் மட்டும் மாடியில் எச்சத்தைப் பெருக்கித் தள்ளும் வேலைக்குப் போகாமலிருக்கட்டும். ஸவாபை நாடி அந்த வேலையை அவருக்குக் கொடுத்து விடாதீர்கள்.

இதற்கு மருந்து உண்டு. ஆம்ஃபோடெரிசின் என்பது அதன் பெயர். தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் அதைப் பிரித்தெடுத்தார்கள். நோயும் மண்ணிலிருந்து வருகிறது, மருந்தும் மண்ணிலிருந்தே வருகிறது. மருந்து செய்து கொள்ளுங்கள், முதுமை நீங்கலாக மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்தில் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை இந்த இடத்தில் நினைக்காமலிருக்க முடியுமா? கூடவே ஃப்ளூசைட்டோசின் என்ற மாத்திரை. இவ்விரண்டும் குறைந்தது இரண்டு வாரம். அதன்பின் ஃப்ளூகோனஸோல் எட்டு வாரம் கூடிய அளவிலும், பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை குறைந்த அளவிலும். தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் முதுகில் ஊசி போட்டு நீரை இறக்க வேண்டும், சிலருக்கு நாள்தோறும். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. இந்த நோயில் அந்த ஊசி பரிசோதனை மட்டுமன்று. பார்வையையும் உயிரையும் காக்கிற சிகிச்சையே அது. அதை மறுத்துக் காலத்தைக் கடத்திவிட வேண்டாம்.

இனித்தான் சிக்கல். ஆம்ஃபோடெரிசின் பூஞ்சையைக் கொல்லும்போதே சிறுநீரகத்தையும் தாக்கும். கொழுப்புத் துகளில் அடைத்துத் தரும் வகையில் அந்தக் கெடுதி குறைவு, விலையோ பன்மடங்கு. ஃப்ளூகோனஸோலோ, கிட்னிக்காகச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதைக் கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உறங்கும் காவலாளியைக் கொஞ்சமாவது எழுப்பாமல் மருந்து மட்டும் தனியே நின்று போரிட முடியாது. எழுப்பினால் அவன் திருடனை மட்டும் பார்ப்பானா? விருந்தாளியையும் பார்ப்பான். ஆக ஒரு பக்கம் மூளையும் உயிரும், மறு பக்கம் தாய் ஈந்த சிறுநீரகம். அந்த வாலிபர் சும்மா கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

அவருடைய மறுப்புக்குப் பின்னால் இன்னொரு வாதமும் இருந்தது. மறுநாள் மருத்துவமனையில் நேரில் கண்டபோது அதைச் சொன்னார். மருந்து செய்வது கடமையில்லையே, பொறுமை செய்தால் சொர்க்கம் என்று ஒரு பெண்மணிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லையா என்று கேட்டார். ஜும்ஆ பயானில் நானே சொன்ன ஹதீஸ் அது! காக்காய் வலிப்பால் துன்புற்ற ஒரு பெண்மணி துஆ கேட்டு வந்தபோது, பொறுத்துக் கொண்டால் சுவனம், வேண்டுமானால் சுகத்துக்காக துஆச் செய்கிறேன் என்று நபிகளார் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும், அவர் பொறுமையைத் தேர்ந்ததும், வலிப்பு வரும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டியதும் இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாகப் புகாரியில் பதிவாகியிருக்கிறது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூல்களும் மருந்து செய்வதை சுன்னத் என்றே சொல்கின்றன. காரணம், மருந்தால் குணம் வரும் என்பது அக்காலத்தில் வெறும் அனுமானமாக இருந்தது.

ஆனால் இரண்டு இடங்களில் அந்த ஒப்புமை நொண்டுகிறது. அந்தப் பெண்மணியின் நோய் அவரை உடனே கொல்லும் நோயன்று. கிரிப்டோகாக்கஸ் மூளைச்சவ்வு நோய்க்கு மருந்து செய்யாவிட்டால் மரணம் அநேகமாக நிச்சயம். செய்தால் பிழைப்பவர் பலர். 1992இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதைத்தான் வகைப்படுத்தியது: விட்டுவிட்டால் உயிரோ உறுப்போ போகும் என்றால் மருந்து செய்வது வாஜிப், மருந்தின் கேடு நோயின் கேட்டைவிடப் பெரிதாகிவிடும் என்று அஞ்சினால் அது மக்ரூஹ், இடையில் மற்றப் படிகள். இரண்டாவது, அந்தப் பெண்மணி தெளிந்த அறிவோடு தேர்ந்தார். இங்கோ தேர்கிற அறிவையே நோய் தின்று கொண்டிருக்கிறது. மார்க்கம் காக்க வந்த ஐந்தில் உயிரையும் அறிவையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தனித்தனியே எண்ணியிருக்கிறார்கள். இந்த நோய் ஒரே சமயத்தில் இரண்டின் மீதும் கை வைக்கிறது.

அதற்காக, "உளறுகிறான், பிடித்து ஊசியைப் போடுங்கள்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. நபிகளாரின் இறுதி நோயில் அவர்கள் வேண்டாமென்று சைகை காட்டியும், நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று வீட்டார் வாயோரத்தில் மருந்தைப் புகட்டிவிட்டார்கள். தெளிந்ததும் நபிகளார் அதை ஏற்கவில்லை. அங்கிருந்தோர் வாயிலும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள், அந்நேரம் அங்கில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர. நோயாளியின் மறுப்புக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஆகவே மறுக்கிறவர் அவரா, அவருடைய நோயா என்று பார்க்க வேண்டும். காலையில் ஒரு முறை, தலைவலி தணிந்த நேரத்தில் ஒரு முறை, அவருக்குப் பிரியமானவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் போன அன்று முதுகு நீர் இறக்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கிழமை சொன்னார், என் பெயரைச் சொன்னார், மஸ்அலாவை முறையாகக் கேட்டார். ஆகவே அவரிடமே பேசினேன்.

அமானிதம் என்ற சொல்லைத்தான் முதலில் எடுத்துக் கொண்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்தான் அமானிதம். உம்மா இதைத் திரும்ப வாங்கவா கொடுத்தார்கள்? கொடுத்து, நீங்கள் பெற்றுக் கொண்ட பிறகு இது அன்பளிப்பைப் போன்றது. (மனித உறுப்பு சொத்தல்ல, விற்கவோ வாங்கவோ ஆகாது, எனவே ஹிபாவின் சட்டம் முழுவதும் இங்கே பொருந்தாது, ஒப்புமைக்காகச் சொல்கிறேன். பிள்ளைக்குக் கொடுத்த அன்பளிப்பைப் பெற்றோர் மட்டும் மீட்டுக் கொள்ளலாம் என்று நம் மத்ஹபில் ஒரு மஸ்அலா உண்டே என்று மதரஸா மாணவர் எவரேனும் எழுதுவாராயின், மீட்டு எங்கே வைப்பது என்பதையும் அவரே எழுதட்டும்.) அமானிதம் என்றே வைத்துக் கொண்டாலும், கவனக் குறைவின்றிக் கை தவறிப் போன அமானிதத்துக்கு ஈடு இல்லை என்பது ஃபிக்ஹின் பாலபாடம்.

அடுத்து அவருக்கு ஒரு கப்பலைச் சொன்னேன். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஒரு மஸ்அலா வருகிறது: கப்பல் மூழ்கப் போகிறது என்றால் சரக்கைக் கடலில் எறியலாம், பயணிகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் எறிவது கடமையாகவே ஆகிவிடும். எறியப்படுவது எவ்வளவு விலையுயர்ந்த பட்டாயினும், எவ்வளவு பிரியமானவர் ஏற்றி அனுப்பியதாயினும் சரியே. கப்பலோட்டிகளின் வழி வந்த ஊர்க்காரர் அவர்; விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப எல்லாத்தையும் ஒரேயடியா எறிஞ்சுடணுமா ஹஸ்ரத்?" என்று கேட்டார். இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. பக்கத்தில் நின்ற டாக்டர் சொன்னார்: கூடாது. காவலை அடக்கும் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், விழித்தெழுந்த காவல் படை மூளைக்குள்ளேயே வெறியாட்டம் போட்டு வீக்கத்தை உண்டாக்கிவிடும். பூஞ்சை செத்துக் கொண்டிருக்கையிலும் நோயாளிக்கு ஆபத்து. கிட்னியும் போய்விடும். படிப்படியாக, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துத்தான் குறைப்பார்களாம். நம் மாலுமிகளும் அப்படித்தானே செய்திருப்பார்கள்; ஒரு பக்கத்துச் சரக்கை முழுவதும் கொட்டினால் கப்பல் மறுபக்கம் சாயும். இதைப் படிக்கும் உறுப்பு மாற்றியவர் எவரும் வீட்டிலிருந்தபடி தாமே மாத்திரையைக் குறைத்து விடக்கூடாது என்பதற்காகவே இதை விரித்து எழுதுகிறேன்.

கிட்னிக்கு இந்த ஒப்புமை பொருந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது போனாலும் டயாலிஸிஸ் என்ற கட்டுமரம் உண்டு. இதயமோ கல்லீரலோ மாற்றிக் கொண்டவருக்கு அது இல்லை. அங்கே அந்த உறுப்பு சரக்கன்று, கப்பலின் பலகை. பலகையைப் பெயர்த்தெறிந்து கப்பலைக் காக்க முடியாது. அதே போல் மூளையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை படர்ந்தவர்களின் நிலையும் தனி. ஒரு காலத்தில் அவர்களில் பிழைத்தவர் அரிது. வோரிகொனஸோல் என்ற மருந்து வந்தபின் 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 81 பேரில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு மருந்து கேட்டது, எஞ்சியோருக்குக் கேட்கவில்லை. இப்படிப்பட்ட நிலையில், எல்லா முயற்சியும் செய்தான பிறகு வலி தணிப்பதோடு நிறுத்திக் கொள்கிற குடும்பத்தை எவரும் பாவிகள் என்று பேசலாகாது. வாஜிப் என்ற சொல்லை நான் எல்லாக் கட்டிலுக்கும் கொண்டு போகவில்லை.

பயணத்தில் தலையில் கல்லடி பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய உனக்கு அனுமதியில்லை என்று தோழர்கள் தெரியாமல் சொல்லப்போக, குளித்து அவர் இறந்தே போனார். செய்தி கேட்ட நபிகளார், அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. தலையில் காயம் பட்டவருக்குத் தெரியாமல் கொடுத்த ஃபத்வா! நான் ஓதிக் கொடுத்த தண்ணீரை நினைக்கும்போதெல்லாம் இந்த ஹதீஸ்தான் முன்னே வந்து நிற்கிறது.

எங்கள் மஹல்லாவில் பெரியவர் ஒருவர், "அப்பவே சொன்னேன், உறுப்பு மாத்துறதே ஹராம், இப்ப பாருங்க தண்டனையை" என்று வுளூச் செய்யும் இடத்தில் வைத்துச் சொன்னார். உறுப்பு மாற்றம் கூடாது என்று முஃப்தி முஹம்மது ஷஃபீஉ (ரஹ்) போன்ற பெரும் மேதைகள் கூறியதுண்டு. அவர்களின் பேணுதலை மதிக்கிறேன். நிபந்தனைகளோடு கூடும் என்று 1988இல் ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்ததும் உண்டு; அடியேன் அதன்படியே சொல்லி வருகிறேன். ஆனால் கூடாது என்ற எந்த மேதையும், செய்து கொண்டவன் நோயுற்றால் தண்டனை என்று கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. பெரியவரிடம் அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வயதுக்கு மரியாதை என்று பேசாமலிருந்துவிட்டேன், எழுதியாவது தீர்க்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்புத் துகள் மருந்தை நாள்தோறும் பல குப்பிகள் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வீட்டாரின் கையிருப்பு நான்காம் நாளே தீர்ந்தது. ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக்கு மருந்துச் செலவுக்காக ஸகாத்தைக் கொடுக்கலாம். அதற்கு ரமளான் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஜமாஅத்தார் அன்று மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தீர்மானித்தார்கள். அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்வானாக.

வாலிபர் கையெழுத்துப் போட்டார். போடுமுன் தாயாரை அழைத்து, "மனசார சொல்லுங்கம்மா" என்றார். "உனக்குத்தான் கொடுத்தேன், கிட்னிக்கா உன்னைக் கொடுத்தேன்?" என்று அவர்கள் சொன்னார்கள். நான் படித்துச் சொன்னதையெல்லாம்விட அது போதுமானதாக இருந்தது. ஆனால் வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அதே தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு, "ஹஸ்ரத், அது போயிட்டா எனக்குள்ள நன்மையும் போயிடுமா?" என்று கேட்டார்கள். தர்மம் கொடுத்தவரின் கூலி கொடுத்தபோதே எழுதப்பட்டு விடுகிறது, வாங்கியவரிடம் அந்தப் பொருள் எத்தனை நாள் இருந்தது என்பதை வைத்து அதைக் குறைப்பதில்லை என்று சொன்னேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. மறுவாரமும் ஒரு முறை கேட்டார்கள்.

இதே நோயில் கிட்னி நிலைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இவருக்கு நிலைக்கவில்லை. துல்ஹஜ் மாதத்தில் டயாலிஸிஸ் தொடங்கியது. வாரம் மூன்று முறை போய் வருகிறார். தலைவலி இல்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது, கடைக் கணக்கைப் பார்க்கிறார், ஜும்ஆவுக்கு வந்து நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.

சென்ற மாதம் ஒரு காகிதத்தோடு வந்தார். மருத்துவமனையில் தவறிய தொழுகைகளைக் கணக்குப் போட்டிருந்தார். முற்றிலும் நினைவற்றிருந்த வக்துகளுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் களா கடமையில்லை, செய்தால் சுன்னத் என்றேன். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்களுக்கு, மயக்கம் ஒரு பகல் ஒரு இரவுக்கு மேற்படாவிட்டால் களா உண்டு, மேற்பட்டால் இல்லை. "நினைவு பாதி இருந்துச்சு, பாதி இல்லை, அந்த நாளெல்லாம்?" என்று கேட்டார். ஐந்து நாட்கள் அப்படி இருந்தன. இஷாரத்தாகவாவது தொழுதோமா என்பது அவருக்கும் ஞாபகமில்லை. உம்மாவிடம் கேட்டிருக்கிறார், கண்ணை மூடி உதட்டை அசைத்ததைப் பார்த்ததாகச் சொன்னார்களாம், அது தொழுகையா திக்ரா என்று தெரியாதாம். பேணுதலுக்காக அந்த இருபத்தைந்து வக்துகளையும் களாச் செய்துவிடுங்கள் என்றேன். டயாலிஸிஸ் இல்லாத நாட்களில் ஒவ்வொரு வக்தோடும் ஒன்று என்று வைத்துக் கொண்டு, அன்று அஸரிலிருந்தே ஆரம்பித்தார்.